தலையை நேரா வை

என் கையைப் பார்த்தால் எனக்கே குமட்டுகிறது. முக்கியமாக இந்தக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். இருபத்திரண்டு வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து, ஃபிரேமில் மாட்டி, காதுக் கம்பியைச் சூடு காட்டி வளைத்துப் பழகிய விரல்கள். யார் மூஞ்சியில் கண்ணாடி ஒரு நூல் கோணலாக உட்கார்ந்திருந்தாலும் எனக்குப் பொறுக்காது. பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆளிடம் "சார், ஒரு நிமிஷம் குடுங்க" என்று கேட்டு வாங்கி, நிமிர்த்தி மாட்டிவிட்டிருக்கிறேன். அப்படி ஒரு வியாதி எனக்கு. அதே இரண்டு விரலால்தான் நாலு வருஷமாக என் மகளின் தாடையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தேன். சீ, என்ன ஜென்மம் நான்!

அவளுக்கு இப்போது ஒன்பது வயது. வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவோம். பிறக்கும்போதே தலைமுடி, புருவம், இமை எல்லாம் பஞ்சு மாதிரி வெள்ளை. உடம்பில் நிறமே ஊறவில்லை, இதற்கு அல்பினிசம் என்று பெயர் என்றார்கள். வெயிலில் தூக்கிக்கொண்டு போனால் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். கண்மணிகள் இரண்டும் ஓரிடத்தில் நிற்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். கண் டாக்டர் ஒரு அம்மாள். அரைமணி நேரம் பொறுமையாகப் பார்த்தார். என் மனைவிதான் கேட்டாள்.

"கண்ணாடி போட்டா சரியாயிடுமா டாக்டர்?"

"கொஞ்சம் தெளியும். வெளிச்சம் கூசறது குறையும். ஆனா முழுப் பார்வை வராதும்மா. கண்ணுக்குப் பின்னாடி, கூர்மையா பார்க்கிற இடமே இவளுக்குச் சரியா வளரல. அதைக் கண்ணாடியால வளர்க்க முடியாது. கிட்ட வச்சுப் படிக்கட்டும், முதல் பெஞ்சுல உட்காரட்டும், நல்லா படிப்பா. இன்னொண்ணு, எதையாவது உத்துப் பார்க்கிறப்ப தலையை ஒரு பக்கமா திருப்புறா பாருங்க. அப்படித் திருப்பினாதான் கண் ஆடறது குறைஞ்சு அவளுக்குத் தெரியும். அதுல மட்டும் கை வைக்காதீங்க."

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நான்தான் பெரிய மேதாவி ஆச்சே! வெளியே வந்ததும் மனைவியிடம் அளந்தேன். "டாக்டருங்க பவரை எழுதிக் கொடுப்பாங்க, அவ்வளவுதான். பார்க்க வைக்கிறது யாரு? நாங்க!" அவள் டாக்டர் எழுதிய சீட்டை மடித்துப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

கண்ணாடியை நானே செய்தேன். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. ஆளை எதிரே உட்காரவைத்து, தலையை நேராக நிறுத்தி, கண்மணிக்கு நேரே லென்ஸில் ஒரு புள்ளி வைப்போம். அந்தப் புள்ளி வழியாகப் பார்த்தால்தான் பவர் ஒழுங்காக வேலை செய்யும். பாப்பாவோ முகத்தை இடது பக்கம் திருப்பி, தாடையைத் தாழ்த்திக்கொண்டு கடைக்கண்ணால் பார்ப்பாள். எனக்கு அது கெட்ட பழக்கமாகத்தான் பட்டது. தாடையைப் பிடித்து நேராக்கி, புள்ளி வைத்து, லேசாகக் கறுப்பேற்றிய லென்ஸ் போட்டு மாட்டினேன். பொய் சொல்லக்கூடாது, கண்ணாடி கொஞ்சம் உதவத்தான் செய்தது. முதல் நாளே வாசற்படியைக் காலால் தடவாமல் இறங்கினாள். வெயிலில் கண்ணை இடுக்காமல் நடந்தாள். எனக்கு அது போதும், தலைகால் புரியவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நானே முடிவு கட்டினேன்.

அதற்குப் பிறகும் அவள் தலை திரும்பியபடியேதான் இருந்தது. திரும்பும்போது ஃபிரேமின் ஓரம் கண்ணை மறைக்கும். உடனே விரலால் கண்ணாடியை நகர்த்திவிட்டு வெளியே எட்டிப் பார்ப்பாள். எனக்கு ரத்தம் கொதிக்கும். நான் பார்த்துப் பார்த்துச் செய்த கண்ணாடியைத் தள்ளிவிட்டுப் பார்க்கிறாளே! பின்மண்டையோடு இறுக்கிக் கட்ட ஒரு எலாஸ்டிக் பட்டை போட்டேன். "தலையை நேரா வை" என்று ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பேன். சொல்லிக் கேட்காவிட்டால் தாடையைப் பிடித்துத் திருப்புவேன். அதற்கும் மசியாவிட்டால் கன்னத்தில் ஒன்று.

பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். நான் உள் அறையில் மெஷினில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருப்பேன். முன்னறைச் சுவரில் எண்கள் எழுதிய சார்ட் தொங்கும். மேலே பெரிய எண், கீழே போகப் போகப் பொடி எண். தொடக்கத்தில் மூன்று வரிதான் படித்தாள். "ஒழுங்கா பாரு" என்று கத்தினேன். ஒரே மாதத்தில் கடைசி வரி வரை கடகடவென்று சொன்னாள். தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். டாக்டரம்மாள் மூஞ்சியில் கரியைப் பூசிவிட்டதாக நினைப்பு!

என் முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லென்ஸில் வாயை வைத்து 'ஹா' என்று ஊதி, சட்டை நுனியால் துடைத்து, அதையே வாடிக்கையாளர் மூக்கில் மாட்டுகிற ஆள். பாப்பா கடைசி வரி படித்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். அன்று முதல் இந்த மாதிரி வெள்ளைக் குழந்தையோடு யார் வந்தாலும் பாப்பாவுக்கு அழைப்பு வரும். நாற்காலியில் உட்காரவைத்து, அவள் தலைமுடியைத் தடவிக்கொண்டே, "பாருங்க, நம்ம ஆளோட பொண்ணு. நம்ம கடைக் கண்ணாடி" என்பார். அவள் ஒப்பிப்பாள். வந்தவர்கள் கையெடுத்துக் கும்பிடாத குறை. பாப்பாவின் கையில் ஒரு சாக்லேட். குரங்காட்டி வித்தை காட்டுகிற மாதிரி என் பிள்ளையை வைத்து வித்தை காட்டினார். நான் ஓரமாக நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டியூப்லைட் என்று பெயர். வெள்ளையாக இருப்பதற்கும் மெதுவாக எழுதுவதற்கும் சேர்த்து ஒரே பட்டம். போன வருஷம் கணக்கு டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"போர்டுல ஒண்ணு இருந்தா இவ வேற ஒண்ணு எழுதுறா சார். கண்ணு தெரியலையோன்னு தோணுது. முன்னாடி உட்கார வைக்கட்டுமா?"

நான் சிரித்தேன். "டீச்சர், நானே கண்ணாடிக்கடைக்காரன். சார்ட்ல கடைசி வரி வரைக்கும் படிக்கிறா. சும்மா நடிக்கிறா. எங்க இருக்காளோ அங்கயே இருக்கட்டும்."

அதோடு விட்டேனா? கடை லெட்டர்பேடில், 'கண்ணாடியுடன் பார்வை முழுமையாக உள்ளது' என்று நானே எழுதி, முதலாளியிடம் கையெழுத்தும் சீலும் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

அந்தக் காகிதம்தான் என் மகள் தலையில் இடியாக விழுந்தது. பார்வை முழுசாக இருக்கிறது, ஆனாலும் எழுத வரவில்லை என்றால் கோளாறு மூளையில்தானே? இந்த வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. பாப்பாவை, புத்தி மந்தமான பிள்ளைகளுக்கான தனி வகுப்புக்கு மாற்றப்போகிறார்களாம். திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அறை அது. பாடப்புத்தகம் கிடையாது, மணி கோக்கவும் படத்துக்கு வண்ணம் அடிக்கவும் விடுவார்கள். அங்கே போன பிள்ளை ஒன்றுகூடப் பழைய வகுப்புக்குத் திரும்பியதாகக் கேள்வியில்லை.

கடிதத்தைப் படித்துவிட்டு என் மனைவி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். "ஏங்க, கதைப்புத்தகத்தை மூக்குகிட்ட வச்சு ராத்திரிக்குள்ள முடிச்சிடுறா. மூளை இல்லாதவளா இப்படிப் படிப்பா? அன்னைக்கு டாக்டர் என்ன சொன்னாங்க?"

"எனக்கே கண்ணாடி சொல்லித் தர்றியா நீ?" என்று எகிறினேன். பாப்பாவைக் கூப்பிட்டேன். "போர்டு தெரியுதா, தெரியலையா?"

"தெரியலப்பா."

கன்னத்தில் ஒன்று விட்டேன். "கடைசி வரி படிக்கிறவளுக்குப் போர்டு தெரியாதா? பொய் சொல்றியா?"

"தெரியுதுப்பா" என்றாள்.

அவள் வாயிலிருந்தே உண்மையை வரவழைத்துவிட்டதாக எனக்குப் பெருமை. திங்கட்கிழமை போய்க் கையெழுத்துப் போடுவது என்று முடிவு செய்தேன். என் கண்ணாடியில் குறை இல்லை. அப்படியானால் குறை பிள்ளையிடம்தான் என்று, பெற்ற தகப்பன் நான், வெட்கமில்லாமல் ஒப்புக்கொண்டேன்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை பகலில், ஒரு பெண் கடைக்குள் வந்தாள். இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. அதே வெள்ளை முடி. வாசல் வெளிச்சம் தாங்காமல் அம்மா கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது. முதலாளிக்குக் குஷி தாங்கவில்லை.

"கண்ணாடி போட்டா நம்மள மாதிரியே பார்ப்பானாங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். "ஆஸ்பத்திரியில அடிக்கடி கூட்டிட்டு வரச் சொல்றாங்க. அவ்வளவு தூரம் போய் வரணுமான்னு இருக்கு."

"ஆஸ்பத்திரி எதுக்கும்மா? நம்ம கண்ணாடியைப் போட்டா நம்மளவிட நல்லாவே பார்ப்பான். யோவ், பாப்பாவைக் கூப்பிடு!"

லீவு நாள் என்பதால் உள் அறையில் இருந்த பாப்பா வந்து உட்கார்ந்தாள். நான் பட்டையை இறுக்கினேன். தாடையை இரண்டு விரலால் பிடித்து நேராக்கினேன். அவள் முதல் வரியில் தொடங்கி மூச்சு விடாமல் கடைசி வரி வரை சொல்லி முடித்தாள். தலை அப்படி இப்படி அசையவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் அத்தோடு நின்றிருந்தால் நான் இன்னும் அதே மாட்டுப்பிறவியாகத்தான் இருந்திருப்பேன். சந்தோஷத்தில் அவள் தன் குழந்தையின் காலிலிருந்து ஒரு சிவப்பு ஷூவைக் கழற்றி, சார்ட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று, உயர்த்திப் பிடித்தாள். சோதிக்கிற எண்ணமெல்லாம் இல்லை, சும்மா ஒரு ஆசை.

"கண்ணு, இது என்ன சொல்லு?"

பாப்பா பேசவில்லை. முதலாளி சிரித்தார். நான், "சொல்லு பாப்பா" என்றேன். அப்போது அவள் தலை மெதுவாக இடது பக்கம் திரும்பியது. தாடை தாழ்ந்தது. ஃபிரேமின் ஓரம் மறைத்தது. விரலால் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் கடைக்கண்ணால் உற்றுப் பார்த்தாள். ஆடிக்கொண்டிருந்த கண்மணிகள் கொஞ்சம் அடங்கின.

"பந்தா ஆன்ட்டி?"

சார்ட்டின் கடைசி வரி எண் ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. ஷூ ஒரு கைப்பிடி அளவு. எனக்கு அந்த இடத்திலேயே உறைத்தது. பார்க்க வேண்டுமென்றால் அவள் தலை திரும்பும். எண்களைச் சொல்லும்போது திரும்பவே இல்லை. அப்படியென்றால் அவள் சார்ட்டைப் பார்க்கவேயில்லை. இந்த நாலு வருஷத்தில் கடைசி வரி வரை ஒப்பித்த ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. மனப்பாடம். நான் தலையை நேராக நிறுத்திய ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தெரிகிற கொஞ்சத்தையும் பிடுங்கியிருக்கிறேன்.

"குழந்தை வெட்கப்படுது" என்று சமாளித்தார் முதலாளி. என் பக்கம் திரும்பி, "யோவ், தலையை நேரா பிடிய்யா!" என்றார்.

கேளுங்கள் இந்தக் கண்றாவியை. எல்லாம் புரிந்த பிறகும் என் கை தானாக அவள் தாடைக்குப் போனது. பழக்கம்! விரல் படுவதற்கு முன்னாலேயே அவள் கண்ணை இறுக்க மூடி, தோளைக் குறுக்கிக்கொண்டாள். அடிக்குத் தயாராகிறாள். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"அம்மா, இவர் சொல்றதைக் கேட்காதீங்க" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. "கண்ணாடி போடுங்க, வேணாம்னு சொல்லல. கூச்சம் குறையும், கொஞ்சம் தெளியும். அதுக்கு மேல வராது. ஆஸ்பத்திரிக்குப் போறதை மட்டும் விட்டுடாதீங்க. பையன் தலையைத் திருப்பிப் பார்த்தா திருப்பட்டும், யாரையும் தொட விடாதீங்க. என் பொண்ணு இப்ப படிச்சது எல்லாம் மனப்பாடம்."

அந்தப் பெண் என்னையும் பாப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஷூவைக் குழந்தையின் காலில் மாட்டிவிட்டு வெளியே போய்விட்டாள். நான் அவளாக இருந்திருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன்.

முதலாளி கதவைச் சாத்தினார். அவர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"உனக்குத் தெரியாதாய்யா? நெஜமாவே தெரியாதா? எனக்கு முதல் மாசமே தெரியும். நீ உள்ள லென்ஸ் தேய்க்கிறப்ப இது சார்ட்டுல மூக்கை வச்சுக்கிட்டு உருப்போட்டுக்கிட்டிருக்கும். கடைசி ரெண்டு வரி வரல. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தப்பில்லாம சொன்னாதான் உங்கப்பாவுக்கு இங்க வேலைன்னேன். கப்புன்னு பிடிச்சுக்கிச்சு. புத்திசாலிப் பொண்ணு!"

தூ! நிஜமாகவே துப்பிவிட்டேன், அவர் கவுண்டர் கண்ணாடி மேலேயே. பாப்பாவின் பின்தலையிலிருந்து பட்டையைக் கழற்றி எறிந்தேன். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். "இனிமே இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதே!" என்று அவர் பின்னாலிருந்து கத்தினார். ஆனால் தெருவில் நடக்க நடக்க எனக்கு அந்த ஆள்மேல் இருந்த அருவருப்பு குறைந்துகொண்டே வந்தது. அவன் வியாபாரி, பொய் சொல்லி விற்றான். அடித்தது யார்? அவள் ஒரு பொய்யைச் சுமந்து எனக்கு வேலையைக் காப்பாற்றித் தந்திருக்கிறாள். நான் அவளைப் பொய்க்காரி என்று அடித்திருக்கிறேன்.

திங்கட்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கிளம்பும்போது மனைவி பைக்குள்ளிருந்து டாக்டரின் பழைய சீட்டை எடுத்து என் கையில் வைத்தாள். நான் கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தைக் கணக்கு டீச்சர் என் முன்னால் நகர்த்தினார். நான் சீட்டை அதன்மேல் வைத்தேன்.

"நான் கொடுத்த சர்டிபிகேட் பொய் டீச்சர். அவளுக்குப் போர்டு தெரியாது. எப்பவும் தெரிஞ்சதில்ல."

டீச்சர் சீட்டை இரண்டு தடவை படித்தார். "நான் போன வருஷமே கேட்டேனே சார். நடிக்கிறான்னு நீங்கதானே சொன்னீங்க? அதை நம்பி நானும் இவளை எத்தனை நாள் வெளிய நிக்க வச்சிருக்கேன் தெரியுமா?" அவர் என்னைப் பார்த்த பார்வை, செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை. தனி வகுப்புக் காகிதத்தைக் கிழித்து என் எதிரிலேயே கூடையில் போட்டார். புதுசாக ஆஸ்பத்திரியில் காட்டி எழுதி வாங்கிவரச் சொன்னார். பாப்பா இனி முதல் பெஞ்சில் உட்காரலாம். தெரியாவிட்டால் எழுந்து போர்டுக்குக் கிட்டே போகலாம். பாப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். சந்தோஷப்பட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே நடைபாதையில் யாரும் இல்லை. வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. நான் அவள் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தெரியலன்னு நீ அப்பாகிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமே பாப்பா?"

"சொன்னேனே" என்றாள். குரலில் கோபமில்லை, குறையில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

நான் இன்னும் கிட்டே போனேன், முகத்தோடு முகம் ஒட்டுகிற தூரத்துக்கு. "இப்ப அப்பா முகம் தெரியுதா?"

"தெரியுது." அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். "இது வேற யாரோ மாதிரி இருக்குப்பா. எனக்கு உங்க கோவ மூஞ்சி மட்டும்தான் தெரியும். அடிக்கிறப்ப மட்டும்தானே நீங்க இவ்வளவு கிட்ட வருவீங்க."

அதைச் சொல்லும்போதும் அவள் ஒரு கையால் கன்னத்தை மூடிக்கொண்டுதான் நின்றாள்.